பத்து எண்ணுவதற்குள்

சரஸ்வதிபுரத்தில் குடியிருந்த பத்மாஸினி, பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். நூலகத்திலிருந்து எடுத்துவந்த சதுரங்கப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். ஆனாலும் 1954இல் முதன்முறையாக நகரப் போட்டியில் ஆடியபோது, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ஒரே காயை நகர்த்த முக்கால் மணி நேரம் யோசித்தாள். கடிகாரத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய நேரம் தீர்ந்துபோனது. தோற்றாள்.

கணவன் பராசரன் ரயில்வே குமாஸ்தா. புத்தகத்தைத் தொட்டதே இல்லை. காயை மின்னலாக நகர்த்துவான்.

"யோசிச்சுண்டே இருந்தா எப்போ ஆடறது? எங்கூட தினம் ஆடு. நான் பத்து எண்ணறதுக்குள்ள காயை நகர்த்தணும்," என்றான்.

மாலைக் காப்பி ஆனதும் பலகை விரிந்தது. அவன் அந்த ஊர் வழக்கப்படி "ஒந்து, எரடு" என்று கன்னடத்தில் எண்ணுவான். ஏழுக்கே அவள் அவசரப்பட்டு எதையாவது நகர்த்திவிடுவாள். வரிசையாக இருபத்துமூன்று ஆட்டம் தோற்றாள். இருபத்துநாலாவதில் ஜெயித்து அவள் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டு ஜயம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

ருசி கண்டுவிட்டது. தினம் பத்து, பதினைந்து ஆட்டம். புத்தகத்தில் தூசி படிந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது: சின்னச் சின்னப் பொறி வைக்கத்தான் கற்றிருந்தாள். பராசரன் அதில் விழாவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய தவறுகளையே இப்போது வேகமாகச் செய்துகொண்டிருந்தாள்.

"இனிமே ஒரு நாளைக்கு மூணே ஆட்டம். தோத்ததை எழுதி வெச்சு, ஞாயித்துக்கிழமை புஸ்தகத்தோட உக்காரப் போறேன்," என்றாள்.

பராசரனின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் அந்த ஞாயிறு தானும் வந்து உட்கார்ந்தான். தான் ஜெயித்த ஆட்டத்தில் தன்னுடைய தப்பே நாலு இருந்ததைக் கண்டு வாயைப் பிளந்தான்.

மறு வருஷப் போட்டியில் மூன்றாம் பரிசுக்கான ஆட்டம், வக்கீல் கிருஷ்ணராஜுடன். ஆளுக்கொரு யானை, அவளுக்கு மட்டும் ஒரு சிப்பாய் கூடுதல். கடிகாரத்தில் அவளுக்கு மூன்றே நிமிஷம். அந்த நிலையைத்தான் எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறாள்! யானையை வைத்து எதிராளியின் ராஜாவை மறித்தாள்; மளமளவென்று சிப்பாயை நடத்தினாள். வக்கீல் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

மூன்றாம் பரிசு அவளுக்கு. பெண் ஒருத்தி வாங்குவாள் என்று யாரும் எதிர்பார்க்காததால் பரிசு ஒரு சவரப் பெட்டி. கொடுக்கவந்த போட்டிச் செயலாளர் நெளிந்தார். பத்மாஸினி சிரிப்பை அடக்க முடியாமல் வாங்கிக்கொண்டு, தானும் பெயர் கொடுத்து முதல் சுற்றிலேயே தோற்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பராசரனின் மடியில் வைத்தாள். அவன் அதை எல்லாருக்கும் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.