பத்து நிமிடத்துக்குள் மறுக்காவிட்டால்

1

இந்தக் கதை ஒரு டிக் குறியிலிருந்து வந்தது. அதைப் போட்டவள் நான்.

ஒரு லாரி நிறுவனத்தில் லோடு பிரித்துக் கொடுப்பது என் வேலை. டிரைவருக்குத் தகவல் போனதும் பத்து நிமிடம் தருவோம். அதற்குள் வேண்டாம் என்று சொன்னால் வேறு ஆளைப் பார்ப்போம். சொல்லாவிட்டால் சம்மதம் என்று டிக் போடுவோம். (இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் போனை எடுத்தபோது மணி இரண்டு பத்தொன்பது. எதிர்முனையில்...'

அவள் என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். அதனால்தான் விட்டுவிட்டேன்.

2

அந்த டிரைவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டியும் யாரையும் முந்தியதில்லை என்று கேலி. "நிதானம் கிளம்பிட்டாரா? அப்ப பால் தயிராத்தான் போய்ச் சேரும்" என்பார் மேலாளர்.

அன்று மதியம் நான் அவருக்குக் கொடுத்தது பால் டேங்கர். மலைப்பாதை, நாற்பது வளைவு. டேங்க் பாதிதான் நிறைந்திருந்தது. மீதிப் பால் அன்று வரவில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் போன் அடித்தது.

"ஏம்மா, பாதி டேங்க்குன்னு சொல்றாங்களே?"

"ஆமாண்ணே."

"முழுசா இருந்தா எடுத்துருவேன். காலின்னாலும் சரி. பாதின்னா உள்ள ஆடும்மா. பிரேக் போட்டா முன்னால வந்து முட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ படிச்ச பொண்ணு. சொல்லு, எடுக்கலாமா?"

நான் இயற்பியல் படித்தவள். கழுவ வசதியாக இருக்கட்டும் என்று அந்த டேங்கருக்குள் தடுப்புகள் வைக்கவில்லை. தடுப்பில்லாத டேங்க்கில் பாதி திரவம் இருந்தால், வளைவில் அது ஒரு பக்கமாக ஏறும். எடையின் மையமும் அதோடு நகரும். தேர்வில் இதற்குப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். (பத்துக்கு ஒன்பது. ஓர் அம்புக்குறி விட்டுப்போயிருந்தது.)

மேலாளர் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எதிரில் ஆள் நின்றால் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும்.

"எடை அளவுக்குள்ளதாண்ணே இருக்கு" என்றேன்.

பொய் இல்லை. அவர் கேட்டது அதை இல்லை, அவ்வளவுதான்.

அவர் போனை வைக்கவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. சுவர்க் கடிகாரம் இரண்டு இருபதைத் தொட்டது. டிக் போட்டேன்.

முப்பத்தோராவது வளைவில் வண்டி சாய்ந்தது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. (சாலையில் ஓடிய பாலைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. மிக அழகாக வந்துவிட்டது. எடுத்துவிட்டேன்.)

3

வேறொரு முடிவும் எழுதினேன். அதில் நிதானம் அலுவலகத்துக்குள் வந்து சாவியை என் மேசைமேல் எறிகிறார். "லோடு உங்களோடது, உசுரு என்னோடது. வேண்டாம்" என்கிறார்.

அதை அவருக்கே படித்துக் காட்ட அவர் வீட்டுக்குப் போனேன், ஏழு மாதம் கழித்து. ஊன்றுகோல்கள் அலமாரியில் சாய்ந்திருந்தன. அவர் மனைவி துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும் அவர் சிரித்துவிட்டார். "நான் எங்கம்மா சாவிய எறிஞ்சேன்? எறிஞ்சா குனிஞ்சு எடுக்கறதும் நான்தானே."

"கதைதானேண்ணே. இப்படி நடந்திருக்கலாமேன்னு..."

"ஏம்மா," என்றார் அவர் மனைவி, மடிப்பிலிருந்து தலை தூக்காமல். "கதையில கால் முளைக்குமா?"

நான் தாள்களை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"அவ கிடக்கறா விடு" என்றார் நிதானம். பிறகு அவர் குரல் இறங்கியது. "ஆனா இதுல நீ என்ன பண்ணியிருக்கே தெரியுமா? நான் தைரியமா மறுத்திருக்கணும்னு என் தலையில கட்டறே. நான்தான் கேட்டேனே. இருபத்திரண்டு வருஷத்துல எந்த லோடுக்காவது எடுக்கலாமான்னு கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. விசாரித்துப் பார்த்திருக்கிறேன்.

"நான் கேட்டதே வேண்டாம்னு சொன்ன மாதிரிதாம்மா. இந்தக் கதையும் எனக்கு வேண்டாம். நீயே வெச்சுக்க."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். தாள்களை முனை தட்டி அடுக்கி, என் கையில் கொடுத்தார்.

4

டிரைவர்கள் எப்போது லோடை மறுக்க வேண்டும் என்று இந்தப் பகுதியைக் கட்டுரையாக எழுத நினைத்திருந்தேன். பிரேக் சரியில்லாதபோது. கண் சொருகும்போது. சரக்கு என்னவென்றே யாரும் சொல்லாதபோது. நீளமான பட்டியல். எல்லாமே டிரைவர் செய்ய வேண்டியவை. லோடு கொடுப்பவள் செய்ய வேண்டியது ஒன்றுகூட அதில் இல்லை. கிழித்துவிட்டேன்.

இன்றைய லோடு தாளில் மறுபடியும் பால், பாதி டேங்க், அதே மலை. மேலாளர்தான் கொண்டுவந்து வைத்தார். "எடை அளவுக்குள்ளதானே இருக்கு?" என்றார். என் வாக்கியம். இப்போது அலுவலகமே அதைச் சொல்கிறது.

டிரைவர் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறது. போன் என் கையில் இருக்கிறது. நான் நிமிர்ந்து மேலாளரிடம்...

இல்லை. என் துணிச்சல் இதுவரை காகிதத்தில் மட்டும்தான் வந்திருக்கிறது. இன்னொரு முறை அங்கே எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் முடிவை உங்களுக்கு அனுப்புகிறேன். இப்போது மணி இரண்டு பத்து. இந்த லோடு போகக் கூடாது என்று நினைத்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா இருந்துவிட்டால், எங்கள் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே.