அம்மை வீட்டில் கடுகு

அம்மை தேடி வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கதவைத் தட்டுவார்கள், "யாருக்காவது முத்து போட்டிருக்குதா?" என்பார்கள், நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். தறியை விட்டு எழுந்து வந்தது தண்டம். டாக்டர் நாமகிரி அப்படி இல்லை. அந்த அம்மாளுக்கு என் உயிரையே கொடுப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரியம்மை எங்கள் பக்கம் ஓய்ந்திருந்தது. ஓய்ந்தாலும் தேடுவதை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாக ஏறினார். சின்ன காஞ்சிபுரத்துப் பெண், பட்டணத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். அம்மையைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இன்னொரு கேள்வி கேட்பார்: "ஆத்துல யாருக்காவது அடி, காயம் உண்டா? எப்படிப் பட்டது?" அம்மை தேடப் போனவளுக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை எதற்கு என்று மேலதிகாரிகள் சிரித்தார்களாம். எனக்கும் அதே சந்தேகம்தான். நேராகவே கேட்டுவிட்டேன்.

"ரெண்டையும் ஜனங்க மறைக்கறா, கங்கையம்மா. மறைக்கற இடத்துலதானே தேடணும்?" என்றார். "முதல் காயத்துக்கே போயிட்டா, உசிர் போற காயம் வராம தடுக்கலாம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை பேர் வந்தார்கள், ஒருத்தராவது இப்படி யோசித்தார்களா? அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு நானே தெருவைக் காட்டக் கூடப் போனேன்.

எதிர் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. திருஞானசம்பந்தத்தின் வீடு. பேரைப் பார், பேரை! அவன் மனைவி பெரியநாயகி மேல் கை ஓங்காத நாளே கிடையாது. அவள் அலறல் தெருக்கோடி வரை கேட்கும். வேப்பிலை செருகியதிலிருந்து சத்தம் இல்லை. அம்மா வந்திருக்கிறாள், இந்தப் பாவியும் பயந்து அடங்கிவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

கதவைப் பாதி திறந்துகொண்டு அவன் வழியை மறித்து நின்றான். "பொண்டாட்டிக்கு முத்து போட்டுக்கினு இருக்குதும்மா. வெளி ஆளு உள்ள வரக் கூடாது. அம்மா கோச்சுக்கும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தது, எண்ணெயில் கடுகு பொரிகிற வாசம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் அம்மா இறங்குகிற வரைக்கும் தாளிக்கவே மாட்டோம்.

"அடப்பாவி! அம்மா இருக்கிற வூட்டுல தாளிக்கிறியே, தெருவே நாசமாப் போவணுமா?" என்று பாய்ந்தேன். டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் உயரவே இல்லை.

"ஆத்துல எத்தனை பேர்?"

"நானும் அவளும்தான்."

"அவ அம்மையில படுத்திருக்கா. நீங்க இங்க நிக்கறேள். அப்போ தாளிக்கறது யாரு?"

அவன் திரும்பி உள்ளே பார்த்தான். அடேயப்பா, எனக்குத் தெரிந்தது தீட்டு ஒன்றுதான். டாக்டருக்கு அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளே தெரிந்துவிட்டாள்! அவன் திரும்பிய அந்த நொடியில் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பெரியநாயகி உடம்பில் ஒரு முத்துக்கூட இல்லை. வலது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கறுத்துத் தொங்கியது. இடது கையில் கரண்டி. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கைய ஒடிச்சிட்டு வேப்பிலையச் செருகிட்டாருக்கா. யாரும் வரல. தாளிச்சா நீ சண்டைக்கு வருவேன்னு தெரியும்."

என் கோபத்தை நம்பி ஒருத்தி அடுப்பை மூட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் அழவில்லை. அங்கே கிடந்த மூங்கில் பட்டையை வைத்துக் கையைக் கட்டினார்.

"அம்மை பாக்க வந்தவளுக்கு இதுல இன்னா வேலை?" என்று அவன் கத்தினான்.

"இதுவும் என் வேலைதான்," என்றார் டாக்டர். பெரியநாயகியைத் தாங்கி நடத்திவந்து, தெருமுனையில் நின்ற தன் ஜீப்பில் ஏற்றினார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாக்டர் அவளிடம் ஒன்றுதான் சொன்னார். "விழுந்துட்டேன்னு சொன்னா கட்டுப் போட்டு அதே ஆத்துக்கு அனுப்பிடுவா. அடின்னு சொன்னா போலீசுக்குச் சொல்லியாகணும். உனக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன். நீ சொன்னா, கூட நிப்பேன்."

ஆஸ்பத்திரியில் எழுதுகிறவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வழுக்கி விழுந்தியாம்மா?"

பெரியநாயகி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் அவள் முதுகில் கை வைத்தபடி சும்மா நின்றார்.

"இல்ல, நானா வியல. அடிச்சாரு."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரரு."

"பேரு?"

புருஷன் பேரை எங்கள் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். கூட வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் வாயெடுத்தேன். பெரியநாயகி இடது கையால் என்னைத் தடுத்தாள்.

"திருஞானசம்பந்தம்," என்றாள். "எய்திக்கோங்க. திருஞானசம்பந்தம் அடிச்சான்."