செயின் அறுந்த சிங்காரம்

செயினே இல்லாத சைக்கிளில் பந்தயம் ஜெயித்தவன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ரொட்டி விற்ற சிங்காரம். நாற்பத்து நாலாம் வருஷம், சிதம்பரத்துத் தேர்வீதியில், பத்தாயிரம் பேர் கண் முன்னால் ஜெயித்தான். சரி, ஆயிரம் பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரில் ஒருத்தன் மட்டும் நம்பமாட்டேன் என்று நின்றுவிட்டான்.

பரிசு இரண்டு புது டயர். யுத்த காலத்தில் புது டயரைக் கண்ணால் பார்ப்பதே பெரிய பாக்கியம். சிங்காரத்தின் டயரில் ஒட்டு மேல் ஒட்டு. அசல் ரப்பரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேடவேண்டும். அது வெடித்தால் ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்து நடக்க வேண்டியதுதான். அவன் நடந்து போய்ச் சேருவதற்குள் வேறொருவன் வாடிக்கையைப் பிடித்துவிடுவான். அடுப்பில் உலை வைப்பது அந்த டயரை நம்பித்தான்.

பந்தயம் ஜோடி ஜோடியாக. நாலு வீதியையும் வலமாகப் பன்னிரண்டு சுற்று. ஜோடியில் எவன் முந்தினாலும் பரிசு. கால் தரையில் படக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். சிங்காரத்துக்கு ஜோடி அவன் பெண்டாட்டி சின்னம்மாளின் அண்ணன் சாமிக்கண்ணு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். முதுகு, கோயில் கதவு அகலம். வடக்கு வீதியில் கடல்காற்று முகத்தில் அறையும்போதெல்லாம் அந்த முதுகுக்குப் பின்னால் சிங்காரம் சுகமாக ஒளிந்து வந்தான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தனும் ஒளிந்து வந்தான். சிதம்பரத்துச் சிற்சபேசன். ஜோடிக்காரன் சேதுமாதவன் நாலாம் சுற்றில் தேர்ச்சக்கரப் பள்ளத்தில் விழுந்துவிட, தனியாளாகி, இவர்கள் மறைப்பிலேயே தெம்பைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்யா ரொட்டி! உன்மேல வர்ற வாசனைக்கு எனக்குப் பசி எடுக்குது" என்று சீண்டினான்.

"கடைசிச் சுத்துல பொறை ரொட்டியே தர்றேன், இரு!"

பத்தாம் சுற்றில் சாமிக்கண்ணு திரும்பாமலே முணுமுணுத்தான். "மாப்ளே, கவனிச்சியா? ஒவ்வொரு சந்நிதியிலயும் அவன் கையைத் தூக்கிக் கண்ணை மூடுறான். கால் நின்னுபோவுது."

"கும்புடுறான் மச்சான். பாவம்."

"கும்புடட்டும். முடிவுக் கயிறு கீழ சந்நிதியிலதான் கட்டியிருக்கு. அங்க நீ கும்புடாத. ஜெயிச்சுட்டு உள்ள போய் உருண்டு கும்புடு."

கடைசிச் சுற்று. வடக்கு வீதி முடிந்து கீழ வீதிக்குத் திரும்பும் முனையில் சிங்காரம் எழுந்து நின்று ஓங்கி மிதித்தான். படக்! செயின் அறுந்து, தெருவோரம் பூ விற்ற செல்லாயியின் கூடையில் போய் விழுந்தது. கால் வெறுமனே சுற்றியது. சிற்சபேசன் சிரித்துக்கொண்டே பறந்தான்.

"காலை இறக்காதே!" சாமிக்கண்ணுவின் இடக்கை சீட்டைப் பிடித்தது. ஒற்றைக் கையில் ஹேண்டில். மிதிப்பது இரண்டு பேருக்கும் சேர்த்து. மூச்சு ரயில் இஞ்சின் மாதிரி இரைந்தது. இடைவெளி இருபது கஜம், பதினைந்து, பத்து... அதற்குமேல் குறையவில்லை.

கீழ சந்நிதிக் கோபுரம் தெரிந்தது. சிங்காரத்தின் கையும் தானாக எழப் பார்த்தது. 'சாமி, அப்புறமா வரேன்' என்று ஹேண்டிலை இறுக்கினான். முன்னால் சிற்சபேசனின் வலக்கை எழுந்தது. கால் நின்றது.

"போடா மாப்ளே!"

நெல் மூட்டையைப் படகில் எறிகிறவன் எறிந்த எறி அது. சிங்காரம் சைக்கிளோடு தரையை விட்டு ஒரு முழம் எழும்பினான் என்பார்கள். கயிறு அவன் மார்பில் அறுந்தது.

நடுவராக நின்ற சைக்கிள் கடை ஞானசம்பந்தன் டயரை எடுத்து நீட்டினார். சிற்சபேசன் பாய்ந்து தடுத்தான்.

"குடுக்காதீங்க மாமா! செயின் அறுந்து முனையில நின்னவன் இவன். என்னைத் தாண்டி ஈ, எறும்புகூடப் போவல. சந்துல பூந்து வந்திருக்கான்!"

"முனைக்கும் இங்கயும் நடுவுல சந்து ஏதுய்யா?" சாமிக்கண்ணு மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினான்.

ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பையனுக்காகச் சத்தம் போட்டார்கள். ஞானசம்பந்தனின் கை டயரோடு பின்வாங்கியது.

"சபேசா," என்றார் அவர், "அப்படித் திரும்பு. சந்நிதியைப் பார்த்துச் சொல்லு. உன்னைத் தாண்டி யாரும் போவல?"

சிற்சபேசன் திரும்பினான். பழக்கத்தில் கை எழுந்தது, கண் மூடியது. அப்படியே நின்றான்.

பிறகு கையை இறக்கினான்.

"கும்புட்டுட்டு இருந்தேன் மாமா. அப்ப காதோரம் விர்ருன்னு ஒரு காத்து." சிங்காரத்தைக் கையால் காட்டினான். "ரொட்டி வாசனை அடிச்சுது. டயரைக் குடுத்துடுங்க. செயின் இல்லாமதான் போயிருக்கான்."