வியாழக்கிழமைக் காவல்

சந்தேகப்படுவது என் பிறவிக்குணம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். உத்தமபாளையத்தில் சிக்கந்தர் ராவுத்தர் என்றால், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷர் என்று பேர். திராட்சைத் தோட்டத்தையும் அந்த மனசையும் வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்ட இந்தச் சுபைதா, கொஞ்சம் முழித்துக்கொண்டிருக்காவிட்டால் வீடு மிஞ்சுமா?

அதனால்தான் 2003இல் சாராள் என்கிற அந்தப் பெண் வாசலில் வந்து நின்று சுமையா டீச்சர் வீடு இதுதானா என்று கேட்டபோது, நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்த்தேன். செங்கல் ஏற்றின மாதிரி ஒரு பை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிலுவை. மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சாக இருந்த நேரம் அது. இந்த நேரத்தில் சிலுவை போட்ட பெண்ணுக்கு ஆலிமா வீட்டில் என்ன வேலை? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

சுமையா என் அண்ணன் மகள், என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணனும் மதினியும் அடுத்தடுத்து மவுத்தாகிப் போனதும் சின்னப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். மார்க்கம் ஓதி ஆலிமா பட்டம் வாங்கி, பெண்கள் மதரஸாவில் அரபி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற என் மகன் அஸ்லமுக்குத்தான் அவள் என்று அவள் பாவாடை கட்டிய காலத்திலேயே நான் முடிவு பண்ணிவிட்டேன். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. மருமகளாகிவிட்டால் நான் சாகிறவரை அவள் என் கண் முன்னாலேயே இருப்பாள். என் உசிரெல்லாம் அந்த ஒரு நினைப்பில்தான் இருந்தது. அவளை யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

சாராள் பழனிசெட்டிபட்டிக்காரி. மதுரையில் ஒரு இறையியல் கல்லூரியில் முதுகலை படிக்கிறாள், இப்போது வீட்டில் இருந்தபடி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறாள். அவள் ஆராய்ச்சி அய்யூப் நபியைப் பற்றி. அவர்கள் யோபு என்பார்கள். யூதர்களின் எபிரேய வேதத்தில் அவரைப் பற்றிய பகுதியில் வேறெங்கும் வராத சொற்கள் நிறைய உண்டாம். அவற்றுக்கு அர்த்தம் தேட அரபி வேண்டுமாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி பாக்தாத் பக்கம் ஒரு யூத அறிஞர் அந்தப் பகுதிக்கு அரபியிலேயே உரை எழுதி வைத்திருக்கிறார், அதை வாசிக்கத் துணை வேண்டும் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் சந்தேகம் கூடியது.

வேறு என்னென்ன பாஷை தெரியும் என்று விசாரித்தேன். எபிரேயம், கிரேக்கம், ஜெர்மன் என்று அடுக்கினாள். ஜெர்மன் பேசுவியா என்றேன். பேச வராது, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது, ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு தடித்தடி ஆராய்ச்சி நூல்களை வாசித்துவிடுவேன், பரீட்சையும் அதற்குத்தான் வைக்கிறார்கள் என்று சிரித்தாள். பேசுவதற்கு இல்லாமல் ஒரு பாஷையை எதற்குப் படிப்பார்கள்? அடுத்தவன் வீட்டு விஷயத்தை ஒட்டுக்கேட்பதற்குத்தான். அன்றைக்கு அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, "படிக்கிற புள்ள, பாவம், வந்துட்டுப் போகட்டுமே" என்றார். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு. வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் மதரஸா கிடையாது, அப்போது வரலாம். வாசலை ஒட்டின பட்டாசாலையில்தான் உட்கார வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். நான் கூட இருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை சாராள் தனியாக வரவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பேர் மலையம்மாள். ஞானஸ்நானத்தில் வேறு பேர் வைத்தார்களாம், அது ஒருத்தர் வாயிலும் நிற்கவில்லை. சபையில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிற ஊழியக்காரி. எதற்கு வந்தாள் என்று அவளே மறைக்காமல் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீக. சாராளு பெரிய படிப்புப் படிக்கிற புள்ள. ராவுத்தர் வீட்டுல எதையாச்சும் ஓதி ஊதிப்புட்டாகன்னா என்ன செய்யன்னு சபையில பேச்சு. கூடப் போயி கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருன்னு போதகர் ஐயா அனுப்பிச்சாக."

எனக்கு வந்ததே கோபம். நாங்கள் ஊதுகிறோமா? எங்கள் பிள்ளையை நீங்கள் ஞானஸ்நானத் தண்ணீரில் முக்கிவிடக் கூடாதே என்று நான் காவல் இருக்கிறேன், என் வீட்டுக்கே எனக்கு ஒரு காவலா? ஆனாலும் அந்த அம்மாளின் நேர்மை எனக்குப் பிடித்துவிட்டது. என் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வாரா வாரம் இதுதான் காட்சி. நடுவில் இரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மலையம்மாள். நான் சாராளைப் பார்ப்பேன். மலையம்மாள் சுமையாவைப் பார்ப்பாள். இடையிடையே நாங்கள் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். அவர்கள் வாசித்ததில் ஒரு எழுத்துகூட எங்கள் இரண்டு பேருக்கும் புரியாது. புரியாததைக் காவல் காப்பது எவ்வளவு பெரிய பாடு என்று காத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தாளில் இருந்தது அரபி எழுத்தே இல்லை. கட்டம் கட்டமாக வேறு ஏதோ எழுத்து. ஆனால் சாராள் அதைப் பார்த்து வாசிக்கிற சத்தம் அரபிச் சத்தம். எனக்குப் பகீரென்றது. எழுத்து அவர்களுடையது, சொல் நம்முடையது, இது என்ன மாயம் என்று சுமையாவைப் பிடித்து உலுக்கினேன். அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தக் காலத்து யூதர்கள் அரபி பேசினாலும் எபிரேய எழுத்தில்தான் எழுதுவார்களாம். எழுத்து சாராளுக்குத் தெரியும், பாஷை தெரியாது. பாஷை சுமையாவுக்குத் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, இவள் காதால் கேட்டு உச்சரிப்பைத் திருத்தி அர்த்தம் சொல்கிறாள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியால் ஒரு வரி நகர முடியாது. நான் மலையம்மாளைப் பார்த்தேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பசை போட்டு ஒட்டின மாதிரி இப்படி இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டால் நாம் எப்படிப் பிரிப்பது என்பதுதான் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் இருந்த கவலை.

ஆடிச் சாரல் அடிக்கிற ஒரு வியாழக்கிழமை விஷயம் முற்றியது. சுமையா ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். அய்யூப் நபி, என்னைக் கூப்பிட்டு விசாரிக்காமலே எனக்குத் தண்டனையா, நான் பேச வேண்டும், எனக்குப் பதில் வேண்டும் என்று ஆண்டவனிடமே வழக்குக்கு நிற்கிறார் என்றாள். நான் எழுந்துவிட்டேன். அய்யூப் நபி என்றால் பொறுமை. உடம்பெல்லாம் நோய் வந்தும் வாய் திறந்து முறையிடாதவர். அவரா வழக்குப் பேசினார்? இதைத்தான் எங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று சாராளிடம் பாய்ந்தேன். அதே நேரத்தில் மலையம்மாளும் எழுந்து சுமையாவிடம் பாய்ந்தாள். எங்கள் யோபுவும் பொறுமைசாலிதான், நீ அரபியைக் கலந்து கெடுக்கிறாய் என்றாள். பிறகு சாராள் தமிழ் வேதத்தையே விரித்து அவளுக்குக் காட்டினாள். மலையம்மாள் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

"இருக்குது. அம்புட்டு நீளத்துக்கு இருக்குது. மொதலையும் கடசியையும் மட்டுந்தேன் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாக."

எனக்கு அது போதவில்லை. சுமையா மாறிக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். முன்பெல்லாம் எதைச் சொன்னாலும் சரி மாமி என்பாள். இப்போது சொன்ன பிறகு ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். சோற்றுக் கையோடு எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். என்னடி என்றால், ஒரு சொல் பிடிபடவில்லை என்கிறாள். கல்யாண வயசுப் பெண்ணுக்குச் சொல்லா பிடிபடவில்லை? யாரிடம் சொல்லி அழ?

அதற்கு இரண்டொரு வாரம் கழித்து சாராள் என் தலையில் கல்லைப் போட்டாள். அவள் பேராசிரியர் சுமையாவின் குறிப்புகளைப் பார்த்தாராம். இந்தப் பெண் இத்தோடு நிற்கக் கூடாது, சென்னையில் அரபியில் பெரிய பட்டம் படிக்கலாம், ஹாஸ்டல் இருக்கிறது, உதவித்தொகைகூடக் கிடைக்கும் என்றாராம். சாராள் இதை என்னிடம் நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. இதோ, வந்த காரியம் வெளியே வந்துவிட்டது. மதம் மாற்ற வந்தாளோ இல்லையோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள். நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா?

மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குக் குமுளியிலிருந்து வந்த அஸ்லமிடம் நாள் பார்க்கப்போகிறேன் என்றேன். உங்கள் இஷ்டம்மா என்றான். வீட்டுக்காரரை ஜமாஅத்துக்கு அனுப்பி, வருகிற பிறையில் நிக்காஹ் என்று பேசி முடித்தேன். சுமையாவிடம் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை சாராள் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும், அவள் ஆட்டத்தை அத்தோடு முடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தார்கள். பாயில் தாள்களை விரித்தார்கள். நான் ஒரு தட்டில் சீனியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

"வாய இனிப்பாக்கிக்கங்க. சுமையாவுக்கும் எங்க அஸ்லமுக்கும் வார பிறையில நிக்காஹ். சென்னைக்கெல்லாம் போக நேரம் கெடையாது."

சாராள் முகம் வெளுத்தது. எனக்கு அது குளிர்ந்தது, பொய் சொல்வானேன். சுமையா தலையைக் குனிந்துகொண்டாள். பெண் பிள்ளை தலையைக் குனிந்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம். வெட்கம் என்று சொல்லிச் சிரித்தபடி மலையம்மாள் கையில் சீனியை அள்ளி வைத்தேன். மலையம்மாள் அதை வாயில் போடவில்லை. சுமையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்போதுதான் சுமையாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாமி," என்றாள் சுமையா, தலை நிமிராமல். "என்கிட்ட இன்னும் கேக்கலையே."

என்ன கேட்க வேண்டும், நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதானே என்றேன்.

"கேக்கணும் மாமி. மார்க்கத்துலயே அப்பிடித்தான இருக்கு. நிக்காஹ் அன்னைக்கு என் சார்பா நிக்கிற வக்கீலும் ரெண்டு சாட்சியும் உள்ள வந்து என்கிட்ட கேப்பாக. ஊரே உக்காந்திருக்கும். அன்னைக்கு என் மனசுல உள்ளத நான் சொன்னேன்னா உங்களுக்கும் மாமாவுக்கும் தாங்காது. அதனாலதேன் இன்னைக்கே கேளுங்கங்குறேன்."

மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் தடுமாறினேன். மார்க்கத்தை ஆலிமாவுக்கே எடுத்துச் சொல்கிறேன் பாருங்கள். அவள் கோபப்படவில்லை. வெட்கத்தில் பேசாமல் இருப்பது வேறு, பேச இடமில்லாமல் இருப்பது வேறு, எனக்கு இத்தனை நாளும் இரண்டாவதுதான் என்று மெல்லச் சொன்னாள்.

நான் சாராளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் தாள்களை அடுக்குகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள். யார் எதற்கு வந்தார்கள், பையில் என்ன, எழுத்து என்ன, எந்த ஊர், எந்தச் சபை என்று மாசக்கணக்கில் எல்லோரையும் குடைந்து குடைந்து கேட்டவள் நான். இந்த ஒரு கேள்வியைக் கேட்க நாக்கு எழும்பவில்லை. பதில் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

மலையம்மாள் சீனியைத் தட்டில் திருப்பிப் போட்டுவிட்டு, "கேட்டுருங்க சுபைதாம்மா. புள்ள கேக்கச் சொல்லுதுல்ல," என்றாள்.

கேட்டேன். அஸ்லமைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். பெற்றவளைப் போல வளர்த்தேனே, அதற்காகவாவது ஆமாம் என்று சொல்லேண்டி என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் எழுந்து வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமி."

அழுதேன். வெளியாள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. சாராளும் மலையம்மாளும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். வாசலில் வீட்டுக்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அஸ்லம் வந்துவிடுவான். இரண்டு பேரிடமும் நான் என்ன சொல்லட்டும் என்று சுமையாவிடம் கேட்டேன். வளர்த்த இத்தனை வருஷத்தில் அவள் முடிவைத் தெரிந்துகொள்ள நான் கேட்ட இரண்டாவது கேள்வி அது.