கல்லில் இறங்கும் தண்ணீர்

செங்கத்தில் அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கஸ்தூரி திரும்பி வந்தபோது, திருவூடல் தெருவில் அவர்களுடைய ஸ்டுடியோ வாசலில் கும்பல் கூடியிருந்தது. கணவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பையைக்கூடச் சரியாகப் பிடிக்காமல் ஓடினாள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷோகேஸ் கண்ணாடியில்தான் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். பூக்காரி தங்கம்மாள் ஒரு முழம் கதம்பத்தை அதன்மேல் சாத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய சட்டத்தில் கஸ்தூரி எடுத்த படம்.

"எம்மா, உன் கையில சாமி வந்துக்கீறாரும்மா! பாரு, ஜடாமுடி, ரெண்டு கண்ணு. அண்ணாமலையாரேதான்!"

கஸ்தூரி பார்த்தாள். ஜடாமுடி தெரிந்தது, கண்களும் தெரிந்தன. படம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.

கணவன் சக்கரபாணி எடுக்கும் மலைப் படத்தில் கோபுரம் இருக்கும், உச்சி இருக்கும், உச்சிக்கு மேல் மேகமும் இருக்கும். பார்த்தவுடன் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். கஸ்தூரிக்கு அப்படித் தள்ளி நின்று பார்த்தால் போதாது. கல்யாணமான இரண்டாம் மாதமே அவனுடைய பழைய கேமராவை வாங்கிக்கொண்டு பாறைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். வெடிப்பு, பாசி, வற்றிய ஏரியின் சேறு. படங்களைப் பார்த்து, "இது எந்த நாட்டு மேப்பு?" என்று அவன் சிரிப்பான்.

"நல்லாருக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இன்னான்னு தெரியலையே."

அந்த 'ஆனா'வுக்காக இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். "ஊர்ல சாமிக்கும் அம்மனுக்கும் தை மாசத்துல ஒரு நாளுதான் ஊடல். உங்க வூட்ல வருஷம் பூரா திருவிழா" என்று தங்கம்மாள் கேலி செய்வாள்.

கார்த்திகை மழையில் எடுத்த படம் இது. பாறையின் இரண்டு குழிகள் நிரம்பி, தண்ணீர் பல கோடுகளாகப் பிரிந்து இறங்குகிறது, அவ்வளவுதான். அவள் ஊரில் இல்லாதபோது அவனாகவே பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் மலைப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டியிருக்கிறான். அது புரிந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. உள்ளே போனாள்.

உள்ளே காலண்டர் அச்சடிக்கும் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா தங்கச்சி, உனக்காகத்தான் காத்துனு இருக்கேன். அடுத்த வருஷக் காலண்டருக்கு இதான் படம். தம்பி சரின்னுட்டான். படத்தைத் திருத்துற டச்சிங் பென்சில்ல நெத்தியில ஒரு கண்ணு மட்டும் வரைஞ்சுட்டா முடிஞ்சுது."

கஸ்தூரி கணவனைப் பார்த்தாள். அவன் நெகடிவை விளக்கில் காட்டியபடி, "உன் படம் வீடு வீடா தொங்கும், கஸ்தூரி" என்றான். முகம் முழுக்கச் சந்தோஷம்.

அவள் ஷோகேஸின் பின்கதவைத் திறந்து, படத்தைக் கழற்றி, நேராகத் திருப்பி மாட்டினாள். முகம் போய்விட்டது. கல்லில் தண்ணீர் இறங்கியது.

வெளியே, "ஐயையோ, சாமியைக் கவுத்துட்டா!" என்று சத்தம் எழுந்தது.

"கவுத்தது நானில்ல," என்று அவள் வாசலுக்கே வந்து சொன்னாள். "இத்தனை நாள் கவுந்து கிடந்துச்சு. இப்பதான் நிமிர்ந்துச்சு."

நெகடிவும் கையுமாகச் சக்கரபாணி வர, ராஜமாணிக்கம் பின்னாலேயே வந்தார். "திருப்பி வெச்சா தேய்ஞ்சா போயிடும்? அப்படியே விட்டா இது வெறும் கல்லும்மா."

"கல்லுதாங்க. வெறும் கல்லு இல்ல. நானும் கிரிவலம் போறவதான். சாமி கும்பிட கோயில் இருக்குது, மலை இருக்குது. என் தண்ணிக்குக் கண்ணு வரைய வேணாம்."

"தம்பி வாக்குக் குடுத்துட்டானே?"

"வாக்கு அவருது. படம் என்னுது."

கும்பல் சக்கரபாணியைப் பார்த்தது. இத்தனை பேர் எதிரில் அவள் அவனை இப்படி விட்டுக்கொடுத்ததில்லை. அவன் காது சிவந்தது. கையிலிருந்த நெகடிவை ராஜமாணிக்கத்திடம் நீட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கஸ்தூரி கையை நீட்டினாள்.

"குடுங்க."

அவன் படத்தைத் திரும்பிப் பார்த்தான். "டார்க்ரூம்ல எத்தனையோ வாட்டி பார்த்தேன். எது மேல, எது கீழன்னு தெரியலையே எனக்கு."

"தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

அவன் கண்ணாடியில் விரலை வைத்து, குழியிலிருந்து ஒரு தண்ணீர்க் கோட்டைக் கீழே வரை தொடர்ந்தான். பிறகு, "அட" என்றான். நெகடிவ் அவள் உள்ளங்கைக்கு வந்தது. "மன்னிச்சுக்குங்க அண்ணே. என் மலைப் படம் வேணும்னா போட்டுக்குங்க."

"உன் மலை எங்கிட்டயே நூறு கீது" என்று ராஜமாணிக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கும்பலில் பாதி முணுமுணுத்தபடி அவர் பின்னாலேயே போனது.

கஸ்தூரி ஈரத்துணியால் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். கதம்பத்தைத் தங்கம்மாளிடம் கொடுத்தபோது, அவள் அதை வாங்காமல் இடுப்பை வளைத்து, தலையைக் கீழே தொங்கவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் பார்த்தா இன்னும் தெரியுறாரும்மா."

"பாருங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் தலையைக் கவுத்துக்குங்க," என்றாள் கஸ்தூரி. "படத்தைக் கவுக்க விடமாட்டேன்."