கறை அக்காவின் பக்கம்

சலவைக்கடையின் பின்னறையில் சன்னலோரமாக ஒரு நீள மேசை. அதுதான் சின்னவளின் இடம். முன்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் பெரியவள், அதாவது அவளுடைய ஓரகத்தி. நடுவில் இரண்டு பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர் பெரியவர். இஸ்திரி மேசையில் ஆவிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவருடைய தம்பி, சின்னவளின் கணவர். மொத்தம் நாலு பேர்தான். ஆனால் வெளியே நின்று கேட்டால் நாற்பது பேர் அடித்துக்கொள்வது போலிருக்கும். அந்த நாற்பது பேரும் பெரியவள் ஒருத்திதான்.

அவளுக்குத் தொண்டை கட்டி யாரும் பார்த்ததில்லை. டோக்கன் கிழிந்தால் கத்துவாள், ஹேங்கர் விழுந்தால் கத்துவாள். ஒன்றுமே நடக்காவிட்டால், ஏன் எல்லோரும் மரம் மாதிரி நிற்கிறீர்கள் என்று கத்துவாள். இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் சின்னவள் மூன்று வருடமாக இணையத்தில் இருந்த கடையின் பக்கத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவில் முகம் வராது. இரண்டு கைகள், ஒரு துணி, அவளுடைய குரல். "இது பேனா மை. பயப்படாதீங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசுவாள். வலது கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று உண்டு. அந்தத் தழும்பையும் குரலையும் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் அவளுக்குக் கறை அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் இருபத்திரண்டாயிரம் பேர்.

எடுத்து முடித்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். பெரியவளின் குரலை வெட்டி எடுக்கிற வேலை அது. ஒரு நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம் வெட்ட வேண்டியிருக்கும். ஓரகத்தி எங்கே ஆரம்பிப்பாள், எங்கே மூச்சு வாங்குவாள், எந்த வார்த்தைக்கு எகிறுவாள் என்பதெல்லாம் பெற்றவளுக்குக்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. பெரியவளுக்கும் இந்த விஷயம் தெரியும். "நான் பேசறதைப் பேசுவேன். நீ வெட்டிக்கோ" என்பாள். அவள் அடங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை யாரோ, "உங்க கடை எவ்வளவு அமைதியா இருக்கு, பார்த்தாலே மனசு லேசாகுது" என்று எழுதியிருந்தார்கள். சின்னவள் அதற்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு, அன்று முழுக்க வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தை நடத்துவதில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. புகார் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போய்விட வேண்டும். முதல் வரியில் மன்னிப்பு, அடுத்து டோக்கன் எண் என்ன என்ற கேள்வி, எப்போது கடைக்கு வரலாம் என்ற தகவல். திட்டி எழுதினாலும் அழிக்க மாட்டாள், வாதாடவும் போக மாட்டாள். கறை போனால் அதையும் அதே பக்கத்தில் போடுவாள், போகாவிட்டால் போகவில்லை என்றும் போடுவாள். போன வருடம் ஒரு சட்டையைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லி ஒரு வீடியோ போட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் துணியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் கல்லாவில் நின்று, "கறை அக்கா இருக்காங்களா? அவங்ககிட்டதான் காட்டணும்" என்றார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"இங்க அக்கா தங்கச்சி யாரும் இல்ல. துணியை வச்சிட்டுப் போங்க" என்றாள் பெரியவள். பதினெட்டு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து வேறொருத்தியைக் கேட்டால் எப்படி இருக்கும்? அது மட்டும் சின்னவளுக்கும் புரிந்தது. ஆனால் புரிந்துகொள்கிற அளவுக்குப் பொறுத்துக்கொள்ள யாருக்குத்தான் முடிகிறது!

ஒரு திங்கட்கிழமை காலை பெரியவள் பின்னறைக்கே வந்துவிட்டாள்.

"கடை நாலு பேருக்கும் பொது. பக்கத்தை மட்டும் உன் பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

"யாராவது ஒருத்தர் பொறுப்பா பார்க்கணும்லக்கா."

"அந்த ஒருத்தி நானா இருக்கக் கூடாதா?"

"இருங்களேன். உங்களையும் தனியா உள்ளே சேர்த்துவிடறேன். நீங்க எழுதினது உங்க பேர்ல இருக்கும், நான் எழுதினது என் பேர்ல இருக்கும்."

"எனக்கு நீ வழி விடறியா? பார்த்துக்கறேன்" என்று பெரியவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை பக்கம் சின்னவளை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு நேராக இஸ்திரி மேசைக்குப் போனாள்.

"ஏங்க, பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னீங்களா?"

அவர் ஒரு சட்டையின் காலரைத் திருப்பினார். "அண்ணி கேட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"வீட்டுல ஒரு சண்டை குறையட்டுமேன்னு பார்த்தேன்."

"சண்டையைக் குறைக்க என் பொருளைத்தான் எடுத்துக் குடுப்பீங்களா?"

அவர் பெட்டியை அழுத்தினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட பாதிக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில் இந்த ஆவிதான்.

அந்த வாரமே ஒரு பள்ளி ஆசிரியையின் வெளிர்நிறக் கோட் கெட்டுப்போனது. காலரில் பழச்சாறு தெறித்திருந்தது. அது காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. இஸ்திரிச் சூடு பட்டதும் மஞ்சளாகக் கிளம்பும். துணியை வாங்கும்போதே என்ன பட்டது என்று கேட்டு டோக்கனில் குறிக்க வேண்டும். பெரியவள் கேட்கவில்லை. திரும்ப வாங்க வந்த ஆசிரியை மஞ்சளைப் பார்த்ததும் கோட்டைக் கல்லாவிலேயே போட்டுவிட்டுப் போனார். அன்று மதியம் பக்கத்தில் மரியாதையாக நாலு வரி எழுதினார்.

பெரியவள் பதில் எழுதினாள்: "ஒழுங்காக ஜூஸ் குடிக்கத் தெரியாதவர்கள் எங்கள் கடையைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டு அழுக்குக்கு நாங்கள் பொறுப்பில்லை." ஆசிரியை அதைப் படித்ததும் பெரியவள் அவருடைய நாலு வரியை அழித்து, அவரைப் பக்கத்திலிருந்தே தடுத்துவிட்டாள். தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை போடாத குறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆசிரியை அதற்குள் அந்தப் பதிலைப் படம் பிடித்து வைத்திருந்தார். அந்தப் படம் பெற்றோர் குழுக்கள் முழுக்கச் சுற்றியது. ஜனம் திரண்டு வந்தது. "கறை அக்கா, உங்க குரலை நம்பித்தானே வந்தோம்?" என்று ஒருவர். "இனிப்பா பேசறவங்களை நம்பவே கூடாது" என்று இன்னொருவர். பெரியவள் ஒருத்தரையும் விடவில்லை. "போய் வேற கடை பாரு" என்று வரிசையாகப் பதில் போட்டாள். இரண்டே நாளில் நாலாயிரம் பேர் கழன்றுகொண்டார்கள்.

மூன்றாம் நாள் சின்னவள் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். அவள் வாயைத் திறந்து கேட்டதும், கடையில் இருந்த பெண் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நீங்க கறை அக்காதானே? என் பொண்ணு யூனிஃபார்ம்ல இருந்த மையை உங்களைப் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றாள். மாத்திரையை நீட்டியவள் கையை விடாமல் கேட்டாள். "ஒரு டீச்சரம்மாவைப் போய் அப்படி எழுத எப்படிங்க மனசு வந்துச்சு?"

சின்னவளுக்குக் காது கொதித்தது. நான் எழுதவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெரியவள் மூன்று வருடமாகத் திட்டிய திட்டையெல்லாம் ஒன்றாகக் கொட்டினாலும் இந்த ஒரு கேள்வி தந்த அவமானத்துக்கு ஈடாகாது. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் தானாகச் சம்பாதித்தது. கடை மாமனாருடையது, வீடு எல்லோருக்கும் பொது, புருஷனோ அண்ணியின் சொல்பேச்சுக் கேட்கிறவர். அந்தப் பெயரைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று வீடு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கடை திறக்கும் முன் பெரியவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"யாரு எழுதினாங்கன்னு பஞ்சாயத்து வேணாம்" என்றார்.

"பஞ்சாயத்துக்கு என்ன இருக்கு? உள்ளே போய்ப் பாருங்க. எல்லாப் பதிலும் அவ பேர்லதான் இருக்கு" என்றாள் பெரியவள்.

அது உண்மைதான். சின்னவளின் பாஸ்வேர்டால் நுழைந்து எழுதியதெல்லாம் சின்னவள் எழுதியதாகவே பதிவாகியிருந்தது. தனியாகச் சேர்த்துவிடுகிறேன் என்றபோது கேட்டிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

பெரியவர் சின்னவளைப் பார்க்காமல் பேசினார். "ஜனங்களுக்கு உன் குரல்தாம்மா தெரியும். கோபத்துல நான்தான் எழுதிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வீடியோ போட்டுடு. பக்கத்தை உன்கிட்டயே குடுத்துடறோம்."

சின்னவள் கணவரைப் பார்த்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டுகூடச் சிந்தாத கவனம்.

"சரி மாமா" என்றாள். "புது பாஸ்வேர்டைச் சொல்லுங்க. அந்தக் கோட்டைக் கொண்டாங்க."

போனை ஸ்டாண்டில் வைத்து மேசையைப் பார்க்கத் திருப்பினாள். பெரியவள் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள். எங்கே இவள் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று காவல். சின்னவள் வினிகரில் நனைத்த துணியைக் காலரில் ஒற்றியபடி ஆரம்பித்தாள்.

"வணக்கம். இது ஒரு டீச்சரோட கோட். காலர்ல மஞ்சளா தெரியுதே, அது பழச்சாறு. துணி வாங்கும்போதே கேட்டிருந்தா இஸ்திரிக்கு முன்னாடியே எடுத்திருக்கலாம். கேட்கல. தப்பு கடையோடதுதான்."

"கடையோடதா? எவ எதைக் கொட்டிக்கிட்டான்னு கண்டுபிடிக்க நான் என்ன ஜோசியக்காரியா?"

கைகள் நிற்கவில்லை. "டீச்சர், உங்ககிட்ட மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"ரொம்பக் குழையாதே. நீ எழுதினேன்னு சொல்லு. அதுக்குத்தான் உன்னை நிக்க வச்சிருக்கு."

"நான் எழுதலையேக்கா."

"ஆமா, நான்தான் எழுதினேன். அதுக்கென்ன இப்போ? ஒரு கோட்டுக்கு இந்த ஆட்டம் ஆடறவளுக்கு இன்னும் நாலு வரி சேர்த்து எழுதியிருக்கணும். ஆனா உன் பேர்லதானே இருக்கு? நீயே வாங்கிக் கட்டிக்கோ. என் சத்தத்தை வழக்கம்போல வெட்டிடு."

சின்னவள் தலையைத் தூக்கவில்லை. "ஏங்க" என்று இஸ்திரி மேசைப் பக்கம் குரல் கொடுத்தாள். "பாஸ்வேர்டைக் குடுத்தது நீங்க. யாரு எழுதினதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

புஸ்ஸென்று ஆவி வந்தது. அவள் காத்திருந்தாள். இன்னொரு தடவை வந்தது.

"முக்கால்வாசி போயிடுச்சு" என்று கோட்டை போன் பக்கம் திருப்பிக் காட்டினாள். "தையல் ஓரத்துல லேசா இருக்கு. அது போகாது. நாளைக்குப் பத்து மணிக்கு நானே கொண்டுவந்து குடுக்கறேன், டீச்சர்."

பெரியவள் கல்லாவுக்குப் போய்விட்டாள். சின்னவள் இயர்போனை மாட்டினாள். பழக்க தோஷம், விரல் தானாகவே அந்தக் குரல் ஆரம்பிக்கிற இடத்தில் போய் நின்றது. இங்கிருந்து இதுவரை அழுத்தினால் போதும், பெரியவள் இல்லாமல் போய்விடுவாள். அமைதியான கடையும் மன்னிப்புக் கேட்கிற கறை அக்காவும் மிஞ்சுவார்கள். வெட்டாமல் போட்டால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். கடை நாறும். பக்கம் தேறாமலே போகலாம். இந்த வீட்டில் இனி அவளுக்கு யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். இருக்கட்டும் என்று நினைத்தாள். இத்தனை நாள் இவளுடைய வாயை ஊருக்குக் கேட்காமல் நான்தானே காப்பாற்றி வைத்திருந்தேன். அந்த நினைப்பிலேயே கோபம் வந்தது. இயர்போனைக் கழற்றினாள். ஒரு நொடிகூட வெட்டாமல் அப்படியே போட்டாள்.

மதியம் ஒருவர் துணி வாங்க வந்தார். கல்லாவின் முன் வரிசையில் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தப் போனிலிருந்து, "எவ எதைக் கொட்டிக்கிட்டான்னு கண்டுபிடிக்க நான் என்ன ஜோசியக்காரியா?" என்று கிளம்பியது. அவர் போனைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகப் பெரியவளுக்குப் பேச்சு வரவில்லை.

வந்தபோது கூரை பிய்ந்தது. "குடும்ப மானத்தைக் கடைத்தெருவுல வித்துட்டியேடி! வெட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கக்கா" என்றாள் சின்னவள். "இனிமே நீங்களே வெட்டிக்கோங்க."

பெரியவர் ஓடிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். மனைவியை அடக்குவதா, தம்பி மனைவியை அதட்டுவதா என்று தெரியாமல் இயந்திரத்தை அணைத்தார். சின்னவள் கோட்டை உறையில் போடத் தொடங்கினாள். மேசையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பெரியவளைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சமமாக இன்னொரு கூட்டமும் இருந்தது. "அந்த இஸ்திரிச் சத்தம் யாரு?" "கட்டின பொண்டாட்டி கேட்டும் வாயைத் திறக்காத மனுஷன் யாருங்க அது?" "ரெண்டு தடவை புஸ்ஸுன்னாரே, அவரைக் காட்டுங்க."

கணவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதல்முறையாக அவளுடைய மேசைக்கு வந்தார். கையில் போன். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணி பேசினதைப் போட்டே, சரி" என்றார் அடிக்குரலில். "என்னோட அந்த இடத்தையாவது வெட்டியிருக்கலாம்ல?"

சின்னவள் உறையின் ஜிப்பை மேலே இழுத்தாள்.

"எதை வெட்டறது?" என்றாள். "பேச்சு இருந்தாத்தானே வெட்டுவேன். நீங்கதான் ஒண்ணும் பேசலையே."