சீமை ஓடும் ஒரு மூட்டை சாமையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள அந்தச் சின்ன ஊரின் மெதடிஸ்ட் கோயிலுக்கு நூறு வயதாகிவிட்டது. விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகையன்று கோயில் வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு, புதிதாக மாற்றலாகி வந்த பாஸ்டரம்மா ஜெயசுதாவின் தலையில் விழுந்தது. யாரைக் கேட்டாலும் கோயில் கட்டிய வெள்ளைக்காரத் துரையைப் பற்றியே சொன்னார்கள். அவர் குதிரை, அவர் தொப்பி, அவர் பேசிய தமிழ். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பண்டிகையன்று காலை முதல் பஸ்ஸில், மலையிலிருந்து வேடியப்பன் ஒரு மூட்டை சாமையோடு வந்து இறங்கினார். நெற்றி நிறைய திருநீறு. வருடா வருடம் மூட்டையைக் கோயிலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாராம்.

"நம்ம சபை ஆளே கெடையாது. இன்னாத்துக்குக் கொண்டாராருன்னு எங்கப்பாவுக்கே தெரியாது," என்றார் சபைப் பொருளாளர் தங்கதுரை.

ஜெயசுதா டீயைக் கொடுத்து வேடியப்பனிடமே கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார்.

"எங்க பாட்டன் இங்க ஓடு திருட வந்தாரும்மா. குடிசை ஒழுகிச்சாம். புதுசா வேஞ்ச சீமை ஓட்ட உருவறப்போ சறுக்கி, உள்ளாற விழுந்து கால் ஒடைஞ்சிபோச்சி. கோயில் தெறக்கறதுக்கு முன்னாடியே உள்ள படுத்தவரு அவருதான்."

"அப்புறம்?"

"தொரை போலீஸக் கூப்புடச் சொன்னாராம். சபைக்காரங்க கூப்புட உடல. அவங்களே கூலி வேலை செஞ்சி கஞ்சி குடிச்சவங்க. அதுல பங்கு ஊத்தி, கால் கூடற வரைக்கும் உள்ளியே வச்சிப் பாத்தாங்க. மொத ஆராதனையே அவர ஓரமா படுக்க வச்சிக்கினுதான் நடந்துச்சாம். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே!"

ஜெயசுதா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். "இத வாசிக்கட்டுங்களா? உங்களுக்குச் சங்கடமா இருக்காதே?"

"திருட வந்ததயும் படிங்க, கஞ்சி ஊத்துனதயும் படிங்க."

தங்கதுரைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "போலீஸக் கூப்புடச் சொன்னத மட்டும் எடுத்துடுங்கம்மா. தொரைக்குக் கெட்ட பேரு."

"அத எடுத்துட்டா உங்க பாட்டனுங்க செஞ்சது தெரியாமப் போயிடுமேங்க," என்றாள் அவள்.

இந்த முறை வேடியப்பன் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஆராதனையில் முழுவதையும் வாசித்தாள். ஓட்டிலிருந்து விழுந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தன. கஞ்சி வந்த இடத்தில் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகும் அம்சவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் தங்கதுரை நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"சாப்ட்டுப் போலாம் வாங்க."

"மலை பஸ்ஸு போயிடுமே," என்று எழுந்தார் வேடியப்பன்.

"போனா போவட்டும். வண்டியில நானே கொண்டாந்து உடறேன்," என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார் தங்கதுரை.